பனிக்கட்டியின் மேல் ஒரு பாதை

1941-ம் வருஷக் குளிர்காலத்தில் ருஷ்யாவின் லடோகா ஏரியின் மேல் லாரி ஓட்டியவர்களைப் பற்றி ஒரு விசித்திரமான செய்தி சொல்லப்படுகிறது. மாவு மூட்டைகளைச் சுமந்துகொண்டு லெனின்கிராடு நகரத்தை நோக்கிச் சென்ற லாரிகள், உறைந்து கிடந்த ஏரியைத் தாண்டிப் பத்திரமாகக் கரை ஏறிவிடுமாம். அவையே பசியால் மெலிந்த ஜனங்களை ஏற்றிக்கொண்டு, முன்னைவிடக் குறைந்த பாரத்துடன் திரும்பும்போது, காலடியில் பனிக்கட்டி பிளந்து ஏரிக்குள் போய்விடுமாம். கனத்த வண்டியைத் தாங்கிய பனிக்கட்டி இலேசான வண்டியைத் தாங்காமற் போவானேன்?

இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. ஆனால் காரணம் புரியவேண்டுமானால், லடோகாவுக்குப் போகுமுன் நம் வீட்டு அடுக்களையை ஒரு முறை எட்டிப் பார்ப்பது நல்லது.

பாலைக் காய்ச்சி ஆறவைத்தால் மேலே ஆடை படிகிறது. மிக மெல்லியது, ஆனாலும் இழுத்தால் சற்று நீளும், விட்டால் சுருங்கும். திரவத்தின் மேல் மிதக்கும் தகடு என்பதற்கு இதைவிடச் சுலபமான உதாரணம் கிடையாது. கரண்டி நுனியால் அதன் நடுவில் மெள்ள அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் குழிவதோடு நிற்பதில்லை. அந்த இடத்திலிருந்து நாலாபக்கமும் சூரிய கிரணங்களைப் போலச் சுருக்கங்கள் ஓடும். ஏன்? குழி விழுந்ததும் சுற்றிலுமுள்ள ஆடை நடுவை நோக்கி இழுக்கப்படுகிறது. பெரிய வட்டத்தில் இருந்தது சிறிய வட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும். மிஞ்சிய ஆடை எங்கே போகும்? பாவாடையை இடுப்பில் கட்டும்போது துணி கொசுவமாகக் கூடுகிறதல்லவா, அதே கதைதான்.

இது விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலையின் விஞ்ஞானிகள், தலைமயிரின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத பாலிஸ்டைரீன் தகட்டை ஜலத்தில் மிதக்கவிட்டு, அதன் மேல் ஒரு சொட்டு ஜலத்தை வைத்துச் சுருக்கங்களை எண்ணினார்கள். சுருக்கங்களின் எண்ணிக்கையையும் நீளத்தையும் கொண்டே தகட்டின் கனத்தையும் விறைப்பையும் கணக்கிட்டுவிடலாம் என்று 2007-ல் காட்டினார்கள். 2019-ல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சிக்காரர்கள் மேலும் ஒரு படி சென்றார்கள். மெள்ள அழுத்துவதற்குப் பதிலாக, அப்படிப்பட்ட தகட்டின் மேல் ஒரு சிறு குண்டை விழச்செய்து, நடப்பதை அதிவேகப் படங்களாகப் பிடித்தார்கள். முதலில் நெருக்கமாக எழும் சுருக்கங்கள் கண நேரத்தில் ஒன்றோடொன்று கலந்து அகலமாகிக்கொண்டே போயின. மெள்ள அழுத்தினால் காணக்கூடியது வேறு, மோதலில் காண்பது வேறு. வித்தியாசத்துக்குக் காரணம் தகடு அல்ல. அதன் கீழே இருக்கும் ஜலந்தான். தகடு அசையவேண்டுமானால் ஜலமும் இடம் பெயர வேண்டும். ஜலமோ கனமான வஸ்து, சொன்ன உடனே நகர்ந்துவிடாது.

மிதக்கும் தகட்டைப் பற்றி இந்த ஒன்றை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். அதன் மேல் விழுவது எவ்வளவு கனம் என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. எவ்வளவு வேகத்தில் என்பது மற்றப் பாதி.

இனி ஏரிக்குப் போவோம்.

உறைந்த ஏரியின் மேற்பரப்பும் ஒரு மிதக்கும் தகடுதான். பாலாடை போல அது சுருங்குவதில்லை, விறைப்பு அதிகம். என்றாலும் அது வளையும். பனிக்கட்டியைப் பாறை மாதிரி என்று நினைப்பவர்கள் இதை எளிதில் நம்பமாட்டார்கள். ஆனால் அது வளைவதால்தான் வண்டியைத் தாங்குகிறது. ஒரு லாரி நிற்கிறதென்றால் அதைத் தாங்குவது பனிக்கட்டி அன்று, கீழுள்ள ஜலம். அன்றைய ருஷ்ய லாரி ஒன்றரை டன் சுமை ஏற்றக்கூடியது. அதன் சொந்த எடை சுமார் 1,800 கிலோகிராம். இரண்டும் சேர்ந்தால் 3,300 கிலோகிராம். ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி 3,300 லிட்டர் ஜலத்தை ஒதுக்கித் தள்ளினாலொழிய இந்தப் பாரம் மிதக்காது. பனிக்கட்டி செய்வதெல்லாம், சக்கரத்தின் கீழுள்ள பாரத்தைத் தூரந்தொலைவுக்குப் பரப்பி, ஆழமில்லாத ஓர் அகன்ற தாம்பாளத்தைப் போலக் குழிந்து கொடுப்பதுதான். 20 சென்டிமீட்டர் கனமுள்ள பனிக்கட்டியின் மேல் அந்த லாரி நின்றால் நடுவில் குழிவது சுமார் இரண்டு சென்டிமீட்டர். ஆனால் அந்தக் குழிவு எல்லாத் திசைகளிலும் பதினைந்து மீட்டருக்குக் குறையாமல் பரவியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத தாம்பாளம்!

இந்தக் கணக்கை முதன்முதலில் ஒழுங்காகப் போட்டவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியர். ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றாரே, அவரேதான். அந்தப் புகழ் வருமுன்னர், 1884-ல், இருபத்தேழு வயதில், மிதக்கும் தகடுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஒரு வேடிக்கையான முடிவு இருக்கிறது. ஜலத்தைவிடக் கனமான ஒரு மெல்லிய பெரிய தகடு, தானாக மிதக்க முடியாமல் மூழ்கிவிடும். அதே தகட்டின் நடுவில் ஒரு பாரத்தை வைத்தால் அது படகு போல வளைந்துகொண்டு மிதக்கும். பாரத்தை எடுத்துவிட்டால் மூழ்கிப்போகும்! பாரமே தூக்கிப் பிடிக்கிறது என்பது கேட்க நகைப்பாயிருந்தாலும் கணக்கு சரியானதே. முப்பத்தாறு வயதில் ஹெர்ட்ஸ் காலமாகிவிட்டார். இன்னும் இருந்திருந்தால் என்னவெல்லாம் கண்டிருப்பாரோ என்று பௌதிக சாஸ்திரம் படித்தவர்கள் இன்றும் பெருமூச்சு விடுகிறார்கள்.

லெனின்கிராடு நகரவாசிகளுக்கு இவை ஒன்றும் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. 1941 செப்டம்பர் 8-ந்தேதி ஜெர்மன் சைன்யம் ஷ்லிஸ்ஸெல்பர்க் பட்டணத்தைப் பிடித்ததும், நகரத்துக்கு வரும் தரைவழி எல்லாம் அடைபட்டது. உள்ளே குழந்தைகளும் கிழவர்களும் உள்பட இருபது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். பாக்கியிருந்த ஒரே வழி, ஐரோப்பாவிலேயே மிகப் பெரியதான லடோகா ஏரி. நவம்பரில் அதுவும் உறையத் தொடங்கியது. கப்பல் ஓடுவதற்கு முடியாது. வண்டி ஓடுவதற்குப் பனிக்கட்டி போதாது. நவம்பர் 20-ந்தேதி ரொட்டிப் பங்கீடு மறுபடியும் குறைக்கப்பட்டது. தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம். மற்ற எல்லோருக்கும் 125 கிராம். நம் பழைய கணக்கில் பதினொரு தோலாவுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் சுத்தமான மாவன்று. மரக்கூழும் பிண்ணாக்கும் கலந்தது. பங்கீட்டுக் கடையில் அரிசிக்கு வரிசையில் நின்ற தலைமுறையினர் நம் வீடுகளிலும் உண்டு. என்றாலும் இந்த அளவைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தாலன்றி அதன் அர்த்தம் விளங்காது.

அதிகாரிகள் பனிக்கட்டியின் கனத்தைப் பற்றிக் கணக்கு வைத்திருந்தார்கள். பாரமில்லாத குதிரை நடக்க 10 சென்டிமீட்டர் வேண்டும். ஒரு டன் சுமந்த லாரி செல்ல 20 சென்டிமீட்டர் வேண்டும். கனம் இருமடங்கானால் தாங்கும் பாரம் சுமார் நாலு மடங்காகிறது. ஆகையால் ஒவ்வொரு விரற்கடையும் முக்கியம். தெர்மாமீட்டர் இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நகரம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. உடம்பைக் கொல்லும் அதே குளிர்தானே பாதையைப் போட்டுக்கொண்டிருந்தது!

முதலில் குதிரை பூட்டிய சறுக்குவண்டிகள் போயின. நவம்பர் 22-ந்தேதி 60 லாரிகள் புறப்பட்டன. ஒன்றரை டன் லாரியில் இரண்டு மூன்று மூட்டைகளுக்கு மேல் ஏற்றவில்லை. அப்படியும் சில வண்டிகள் மூழ்கின. பிறகு லாரிக்குப் பின்னால் சறுக்குவண்டியைக் கட்டி, பாரத்தை இரண்டிடத்தில் பகிர்ந்துவைத்தார்கள். ஓட்டுகிறவர்கள் ரத்தத்தை உறையவைக்கும் குளிரிலும் வண்டிக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். பனிக்கட்டி உடைந்தால் குதிக்க வேண்டாமா? மேலே ஜெர்மன் ஆகாய விமானங்கள் வேறு. குண்டு விழுந்து உண்டான பள்ளங்களின் மேல் புதிதாய் மெல்லிய பனிக்கட்டி படர்ந்து, மேலே வெண்பனி தூவி மூடிவிடும். எங்கே தரை, எங்கே மரணம் என்று தெரியாது.

ஆனால் குண்டும் விழாத, கனமும் போதுமான இடங்களிலும் வண்டிகள் மூழ்கின என்பதுதான் புதிர். இதை ஆராயும் பொறுப்பு லெனின்கிராடு பௌதிகத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தது. அதன் தலைவர் அப்ராம் யோபே கழகத்தின் பெரும்பகுதியோடு கஸான் நகரத்துக்குப் போய்விட்டார். முற்றுகைக்குள் தங்கிய சிலருக்குத் தலைமை வகித்தவர் பாவெல் கோபெகோ. அவர்களில் நவூம் ரெய்னோவ் என்பவர் ஒரு கருவியை அமைத்தார். ‘பிரோகிபோகிராப்’ என்று பெயர். வண்டி போகும்போது பனிக்கட்டி எவ்வளவு தாழ்கிறது, எவ்வளவு எழும்புகிறது என்பதைத் தானே கோடு போட்டு எழுதிவைக்கும். கண நேர அதிர்ச்சியையும் பிடிக்கும், நாட்கணக்கான தாழ்வையும் பிடிக்கும். இதைச் செய்தவர்களும் அதே 125 கிராம், 250 கிராம் உலகத்தில் வாழ்ந்தவர்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். ரேஷன் ரொட்டியை உண்டு, ஏரிக் காற்றில் போய் நின்று, பனிக்கட்டியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்கள். போர்க்களத்து வீரத்துக்குக் குறைந்தது அல்ல இது என்பது நமது அபிப்பிராயம்.

கருவி எழுதிய கோடுகளில் விடை இருந்தது. லாரி நகரும்போது அதன் தாம்பாளமும் கூடவே நகர வேண்டும். முன்னால் உள்ள பனிக்கட்டி குழிய வேண்டும்; பின்னால் உள்ளது எழும்ப வேண்டும்; கீழே ஜலம் முன்னிருந்து பின்னுக்கு ஒதுங்க வேண்டும். அதாவது வண்டிக்கடியில் ஓர் அலை ஓடுகிறது. வண்டி மெள்ளப் போனால் குழிவு வண்டிக்கு நேர் கீழேயே சாதுவாகத் தொடரும். ஆனால் பனிக்கட்டி மூடிய ஜலத்தில் அலைகளுக்கென்று ஒரு சொந்த வேகம் உண்டு. அது ஜலத்தின் ஆழத்தையும் பனிக்கட்டியின் விறைப்பையும் பொறுத்தது. ஆழம் குறைந்த நீரில் ஆழமே முக்கியம்: 10 மீட்டர் ஆழத்தில் நீண்ட அலை மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்; 4 மீட்டர் ஆழத்தில் 22 கிலோமீட்டர்தான். பாதை சென்றதோ லடோகாவின் ஆழமில்லாத தென்பகுதி.

லாரி சரியாக அந்த அலையின் வேகத்தில் சென்றால் என்ன ஆகும்? சாதாரணமாக, வண்டி ஜலத்துக்குக் கொடுக்கும் சக்தி அலையாகி விலகி ஓடிவிடும். இப்போதோ அலையும் வண்டியும் கைகோத்துக்கொண்டு ஓடுகின்றன. கொடுத்த சக்தி விலகிப் போகாமல் வண்டிக்கடியிலேயே குவிகிறது. ஊஞ்சல் நம்மிடம் வந்து திரும்பும் தருணம் பார்த்துச் சிறு குழந்தை தள்ளினாலும் ஊஞ்சல் உத்தரத்தைத் தொடப் பார்க்கிறதே, அதைப் போன்றதுதான். குழிவு வரவர ஆழமாகி, ஒடுங்கி, கடைசியில் பனிக்கட்டி தாங்கமாட்டாமல் பிளக்கிறது. லடோகாவில் இந்த அபாய வேகம் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் என்று கண்டார்கள்.

மூட்டை ஏற்றிய லாரி முக்கி முனகிக்கொண்டு மெதுவாகச் செல்லும், பிழைத்தது. பாரம் குறைந்த லாரியோ துள்ளி ஓடும். அதுவும் பின்னால் சாகக் கிடக்கும் குழந்தைகளை வைத்துக்கொண்டு எந்த ஓட்டுநர் நிதானமாய்ப் போவார்? வேகமாகப் போய் அவர்களைக் கரை சேர்க்க வேண்டும் என்ற கருணையே சரியாக 35 கிலோமீட்டரில் கொண்டுபோய் விட்டது. முன்னே சொன்ன செய்தியில் கொஞ்சம் கைச்சரக்கு கலந்திருக்கலாம். ஆனால் அதன் சாரம் பௌதிகத்துக்கு முற்றிலும் பொருந்துகிறது.

எந்த வேகத்தில் செல்லக்கூடாது, வண்டிக்கும் வண்டிக்கும் எவ்வளவு தூரம் விடவேண்டும், எங்கே நிற்கக்கூடாது என்று விதிகள் ஏற்பட்டன. நிற்பதும் அபாயமே. பனிக்கட்டி கண நேரப் பாரத்துக்கு வில்லைப் போல வளைந்து மீளும். மணிக்கணக்கில் பாரம் நின்றாலோ மெழுகைப் போல மெள்ள மெள்ளத் தளர்ந்து தாழ்ந்துகொண்டே போகும். ஆகவே நிற்கவும் கூடாது. அந்த ஒரு வேகத்தில் பறக்கவும் கூடாது.

1941 டிசம்பர் 25-ந்தேதி ரொட்டிப் பங்கீடு முதன்முறையாகக் கூட்டப்பட்டது. பாதை 1942 ஏப்ரல் 24-ந்தேதி வரையில், சக்கரம் பாதி ஜலத்தில் முழுகும் நிலையிலும், ஓடிற்று. அந்த ஒரு குளிர்காலத்தில் அது கொண்டுவந்த சரக்கு 3,61,000 டன். வெளியே கொண்டுசென்ற ஜனங்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். முற்றுகை முழுவதும் நீங்கியது 1944 ஜனவரி 27-ல். அதற்குள் பட்டினியால் இறந்தவர் பல லட்சம். அந்நகரத்துக்கு 1991 முதல் மறுபடியும் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற பழைய பெயரே வழங்குகிறது. பாதைக்கு ஜனங்கள் வைத்த ‘ஜீவமார்க்கம்’ என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு பல தேசத்தவரும் இந்த அலையைச் சாவகாசமாக அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள சரோமா ஏரியில், சுமார் 17 சென்டிமீட்டர் பனிக்கட்டியின் மேல் ஒரு சறுக்கு மோட்டாரை வெவ்வேறு வேகங்களில் ஓட்டிச் செய்த சோதனை பிரசித்தமானது. முடிவுகள் 1985-ல் வெளிவந்தன. அங்கே அபாய வேகம் விநாடிக்குச் சுமார் 6 மீட்டர், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர் என்று தெரிந்தது. அந்த வேகத்தை நெருங்க நெருங்க, குழிவு வண்டிக்குக் கொஞ்சம் பின்தங்கி, ஆழமும் கூடியது. அதைத் தாண்டியபின் குழிவு குறைந்தது. வண்டிக்கு முன்னால் சிற்றலைகளும் பின்னால் நீண்ட அலைகளுமாகப் பிரிந்துவிட்டன. ஆகவே மிக வேகமாகச் செல்வதும் ஒருவகையில் க்ஷேமமே. ஆனால் அந்த வேகத்தை அடைய அபாய வேகத்தைக் கடந்துதானே ஆகவேண்டும்? புத்திசாலிகள் மெள்ளவே போகிறார்கள்.

கனடாவின் வடபாகத்தில் வைரச் சுரங்கங்களுக்குச் செல்லும் பாதை ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஏரிகளின் மேலேயே போடப்படுகிறது. பாரம் ஏற்றிய பெரிய லாரிகள் அந்த ஏரிகளின் மேல் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடாது என்பது விதி. கரையை நெருங்கும்போது இன்னும் நிதானிக்க வேண்டும். ஆழம் குறையக் குறைய அபாய வேகமும் இறங்கி வருவதல்லாமல், முன்னால் ஓடிய அலை கரையில் மோதித் திரும்பிவந்து வண்டியை எதிர்கொள்ளும். முதல்முறை செல்பவர்களுக்கு, பரந்து கிடக்கும் வெண்மையான சமவெளியில் நத்தையைப் போல ஊர்வது எரிச்சலாயிருக்குமாம்.

அதே கனடாவில், செயிண்ட் லாரன்ஸ் நதியில், காரியம் தலைகீழாக நடக்கிறது. அங்கே பனிக்கட்டி நதியை அடைத்துக்கொண்டால் ஜலம் கரை புரண்டு ஊருக்குள் வரும். ஆகவே அதை உடைத்தாக வேண்டும். கப்பல் புக முடியாத ஆழமில்லாத இடங்களுக்குக் கடலோரக் காவற்படையினர், காற்று மெத்தையின் மேல் மிதந்து செல்லும் ஹோவர்கிராப்டுகளை அனுப்புகிறார்கள். அவை பனிக்கட்டியை இடிப்பதில்லை. தொடுவதுகூட இல்லை என்று சொல்லலாம். எந்த வேகத்தில் போகக்கூடாது என்று ரெய்னோவ் ரொட்டித் துண்டோடு கண்டுபிடித்தாரோ, அந்த வேகத்தில்தான் வேண்டுமென்றே ஓட்டுகிறார்கள். பின்னால் எழும் அலை நதியின் மேலிருந்த தகட்டைத் துண்டு துண்டாக ஒடித்துவிட, துண்டுகள் ஓட்டத்தோடு கடலை நோக்கிப் போய்ச்சேருகின்றன.